ஹப்புத்தளையிற் பிறந்த பாடகன்: கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ஊவாத் தோட்டப் பாடலும்

இலங்கையின் இசை வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுந்தோர் கருநாடக இசையின் உயர்வையும் நாட்டார் பாடலின் தொன்மையையும் திரைப்பாடலின் செல்வாக்கையும் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறிய இளைஞர் கூட்டத்தினரைப் பற்றி அவர்கள் அதிகம் கூறவில்லை. கூறியவிடத்தும் அது பெரும்பாலும் கண்டனமாகவே அமைந்தது. மேலைநாட்டுக் கூச்சல், நகரத்து இளைஞரின் பொழுதுபோக்கு, பண்பாட்டுச் சீரழிவு என்ற மூன்று தொடர்களுள் ஏதேனும் ஒன்றினால் அவ்விசை மதிப்பிடப்பட்டு முடிந்தது. பாடலைக் கேட்டபின் எழுதப்பட்ட மதிப்பீடுகள் அவற்றுள் மிகக் குறைவு.

சிங்களப் பொப் இசையின் தந்தை எனப் போற்றப்படும் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 3ஆம் திகதி ஹப்புத்தளையிற் பிறந்தார். தந்தையார் தோட்ட வைத்தியத் துறையிற் பணிபுரிந்தவர். சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரை வேரூன்றச் செய்தவர் எனப் பெயர்பெற்ற ஒருவர், கொள்ளுப்பிட்டியிலோ மொறட்டுவையிலோ அன்றி, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த ஊவாத் தேயிலை மலைகளுக்கிடையே பிறந்தார் என்பது தமிழ் மாணவர் சிந்திக்கத்தக்க செய்தியாகும். அவரை ஊவாவின் பாடகர் எனக் கொள்ளலாமா? கொள்வதாயின், அதே மலைகளில் அதே தலைமுறையிற் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருவன் கிற்றாருடன் ஏன் வெளிவரவில்லை? இவ்விரு வினாக்களையும் ஒன்றாக வைத்தே கிளாரன்சின் இசையை ஆராய்தல் பொருத்தமாகும்.

ஹப்புத்தளை, மலைத்தொடரின் விளிம்பில் அமைந்த ஊர். ஒருபுறம் தென்சமவெளி கடல்வரை விரிந்து கிடக்க, மறுபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு பண்டாரவளை, தெமோதரை, பதுளை எனப் படிப்படியாக இறங்கிச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இவ்வூருக்குப் புகைவண்டி வந்தது. பதுளைக்கு 1924இலேதான் வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பதென்னையிற் கால்பதித்தார். கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் சந்ததியே இம்மலைகளின் பெரும்பான்மைக் குடியாயிற்று. யூலை தொடக்கம் செத்தெம்பர் வரை வீசும் வரண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகின்றது; இலண்டன் சந்தையில் அம்மணத்துக்குத் தனி விலை இருந்தது. அம்மணத்தைப் பறித்துக் கொடுத்தவர்களின் கூலி வேறு கணக்கு.

தோட்டம் என்பது ஓர் ஏணி. உச்சியில் பெரியதுரையின் பங்களா; அதற்குக் கீழே சின்னதுரை; பின் கிளாக்கர், கண்டக்டர், டீமேக்கர், டிஸ்பென்சர் ஆகிய உத்தியோகத்தரின் வீடுகள்; அவற்றுக்கும் கீழே, ஓடையோரத்திலோ சரிவிலோ, பத்தும் பன்னிரண்டுமாகக் கோத்த காம்பராக்களைக் கொண்ட லயங்கள். தோட்ட வைத்தியரின் வீடு இவ்வேணியின் நடுப்படியில் இருந்தது. அவ்வீட்டுக்குப் பங்களாவின் இசைத்தட்டும் கேட்கும், லயத்தின் தப்பும் கேட்கும், இரண்டும் அவ்வீட்டுக்குரியனவல்ல. இந்த நடுநிலையே கிளாரன்சின் கலைக்கு விளைநிலம் என்று கூறின் அது மிகைக்கூற்றாகிவிடும். எனினும் நடுப்படியில் நிற்பவனுக்கு மேலும் கீழும் காது திறந்திருக்கும் என்பது உண்மை.

கீழிருந்து வந்த ஓசை எத்தகையது? விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு, தோட்டத்தின் கடிகாரம். அதே தப்பு திருவிழாவில் ஆடவைக்கும், சாவீட்டில் அழவைக்கும், அடி மட்டும் மாறும். மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழும். மன்மதனும் ரதியும் லயத்து வாசலுக்கு வருவர். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இரவெல்லாம் நடைபெறும். கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டில் கங்காணியும் துரையும் கடந்து வந்த கடலும் இடம்பெறும். இவற்றையெல்லாம் ‘நாட்டார் பாடல்’ என்ற ஒரே சிமிழுக்குள் அடைத்துவிடும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடம் உண்டு. ஆனால் தாளத்தின் வேகமும் கூட்டத்தை எழுப்பும் திறனும் கொண்டு நோக்கின், தப்புக் குழுவுக்கும் கிற்றார்க் குழுவுக்கும் உள்ள இடைவெளி ஆராய்ச்சியாளர் கருதுவதிலும் சிறியதே.

மேலிருந்து வந்ததோ வேறு. அக்காலத்து இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆங்கிலப் பாடல்களையும் ஹிந்தி, தமிழ்த் திரைப்பாடல்களையும் நாள்தோறும் ஒலிபரப்பியது. மலையுச்சியில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தாற் போதும். நாஷ்வில்லும் சென்னையும் பம்பாயும் அங்கே வந்து சேரும். 1943இற் பிறந்த ஒருவர் இருபது வயதை எய்தியபோது லிவர்ப்பூல் நகரத்து நால்வரின் இசை உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தது என்ற காலக்கணக்கும் கருதத்தக்கது.

சிங்கள இசையின் அன்றைய நிலையையும் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். நூர்த்தி நாடகப் பாடல்களிலும் ஹிந்தி மெட்டுகளைத் தழுவிய கிராமபோன் பாடல்களிலும் வளர்ந்த சிங்கள மெல்லிசையைச் சீர்செய்யும் பொருட்டு, 1952இல் லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டு, வானொலிக் கலைஞரைத் தரம்பிரிக்கும் பணியை மேற்கொண்டார். இந்துஸ்தானி இராகப் பயிற்சி தகுதிக்குரிய அளவுகோலாயிற்று. அமரதேவ போன்றோர் அவ்வளவுகோலை உள்வாங்கி, அதனைக் கடந்து, தமக்கேயுரிய இசை மொழியொன்றை உருவாக்கினர். அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவுகோல் ஒன்று வந்தவுடன் அதற்கு வெளியே நிற்போரும் தோன்றுவர். வொலி பஸ்தியன் முதலானோர் வளர்த்த பைலா வெளியே நின்றது. போர்த்துக்கேயரும் காப்பிரியரும் விட்டுச்சென்ற அவ்விசை கடற்கரையோர மக்களின் கொண்டாட்டத்துக்கு உரியது. 1960களில் நெவில் பெர்னாண்டோவின் ‘லொஸ் கபலேரோஸ்’, நோயல் ரணசிங்கவின் ‘லா சிலோனியன்ஸ்’ முதலிய குழுக்கள் கலிப்சோ இசைப் பாணியிற் சிங்களத்திற் பாடின. கிற்றார் வந்துவிட்டது, ஆனால் அது மின்சாரம் ஏறாத கிற்றார்.

இந்நிலையில் 1960களின் நடுப்பகுதியில், இரத்தினபுரியில், அனஸ்லி மாலேவனவுடன் இணைந்து கிளாரன்ஸ் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவை அமைத்தார். சந்திரகாந்தக்கல் எனப் பொருள்படும் அப்பெயர் இரத்தினக்கல் விளையும் ஊருக்குப் பொருத்தமானதே. ஒலிபரப்பாளர் விஜய கொரயா இக்குழுவை இனங்கண்டு வானொலி நேயருக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர் இந்திராணி பெரேராவின் குரலும் குழுவிற் சேர்ந்தது. ஜெரல்ட் விக்ரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனம் இவர்களின் பாடல்களைச் சிறிய இசைத்தட்டுகளாக வெளியிட்டது. தலைநகருக்கு வெளியேயிருந்து வந்த இரு இளைஞர், பண்டிதரின் தரப்பட்டியலைச் சாராமல், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் ஆதரவினாலும் தனியார் இசைத்தட்டு நிறுவனமொன்றின் துணிவினாலும் நாடு முழுவதும் அறியப்பட்டனர். அரசின் அளவுகோலுக்குப் பக்கத்திற் சந்தையின் அளவுகோல் ஒன்று எழுந்தது என்றும் இதனைக் கூறலாம். சந்தையின் அளவுகோல் எப்போதும் நல்லதை எடைபோடும் என்பதற்கில்லை. இம்முறை அது நல்லதையே எடுத்தது.

கிளாரன்ஸ் செய்த மாற்றம் யாது? மின்கிற்றாரைக் கொணர்ந்தார் என்று மட்டும் கூறுவது போதாது. கருவியைக் கொணர்தல் பணமுள்ள எவருக்கும் இயலும். அவர் அக்கருவிக்குப் பாட்டில் ஒரு பாத்திரம் கொடுத்தார். அதற்குமுன் சிங்கள மெல்லிசையிற் பின்னணிக் கருவிகள் பெரும்பாலும் பாடகனின் மெட்டையே நிழல்போல் தொடர்ந்தன. அம்முறை தமிழ் மெல்லிசைக்கும் பழக்கமானதே. கிளாரன்சின் பாடல்களிற் கிற்றார் முதலில் ஒரு சிறு தொடரைத் தனியே சொல்லும்; கேட்பவன் குரல் எழுமுன்னரே பாடலை அடையாளம் கண்டுவிடுவான். குரல் ஓயுமிடத்தில் அது மறுமொழி கூறும். மெட்டு இராக விரிவை நாடாது. மூன்று நான்கு சுரக்கட்டுகளின் மேல் நடந்து, பள்ளிப்பிள்ளையும் பாடக்கூடிய எல்லைக்குள் நிற்கும். குரலிற் கமகம் இல்லை. உருக்கமும் மிகையாக இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் அவர் பாடினார். நுண்பொறி பெருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவனே மெல்லப் பாடுவான்; அவ்வகையில் ஒலிவாங்கியின் இயல்பை உணர்ந்து பாடிய முதல் தலைமுறையினருள் அவரும் ஒருவர்.

எளிமை என்பது இங்கே குறைபாடா, தேர்வா? குறைபாடென்றே அக்காலத்துச் சாஸ்திரிய இசை ஆதரவாளர் கருதினர். அவர்களின் குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை. கிளாரன்சின் வழியைப் பின்பற்றிய பலர் மூன்று சுரக்கட்டுகளை எடுத்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டனர். ஒரே அச்சில் வார்த்த பாடல்கள் பெருகின. ஆனால் மூலவரின் பாடல்கள் அவ்வாறல்ல. அவற்றிலே மெட்டின் வளைவு சிங்களச் சொற்களின் இயல்பான நெடில் குறில்களை ஒட்டிச் செல்லும். மேலைநாட்டு மெட்டுக்குச் சொல்லை வெட்டிப் பொருத்திய பாடல்களோடு ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும்.

இவர்களுக்கு முதற் பெரும்புகழ் ஈட்டிய பாடல்களுள் ‘மேங்கோ நெந்தா’ ஒன்று. தலைப்பிலேயே ஆங்கிலச் சொல்லொன்றும் சிங்கள உறவுப்பெயரொன்றும் கைகோத்து நிற்கின்றன. நெந்தா என்பது மாமி. ஏறத்தாழ அதே காலப்பகுதியில் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடியான நித்தி கனகரத்தினம் பாடிப் புகழ்பெற்ற பாடலும் ‘சின்ன மாமியே’ என்பதே. இரு மொழியிலும் புதிய இசை புகுந்தபோது அது முதலில் விளித்தது காதலியையன்று, மாமியை. மேலைநாட்டுப் பாணியில் இளைஞன் பெற்றோரையும் பெரியோரையும் உதறிக்கொண்டு பாடினான். இங்கோ அவன் உறவுமுறையைச் சொல்லிக்கொண்டே குறும்பு செய்தான். இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கப்பட்ட இசை இந்நாட்டு வீட்டு முற்றத்துக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை.

1970களின் தொடக்கத்திற் கிளாரன்ஸ் ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ குழுவின் தலைவரானார். பின்னர் அனஸ்லி மாலேவனவும் அங்கே வந்து சேர்ந்தார். அவ்விருவரும் இணைந்து பாடிய காலமே அவ்விசையின் உச்சகாலம் என்பது பொதுவான கருத்து. பிற பாடகருக்கும் அவர் இசையமைத்தார், எச். டி. பிரேமரத்னவின் திரைப்படங்களுக்கு அவர் வழங்கிய இசையினாற் கிற்றார்ப் பாடல் சிங்களத் திரையிலும் மதிப்புப் பெற்றது. 1977க்குப் பின் ஒலிநாடா பெருகியது. இசைத்தட்டின் காலம் முடிந்தது. புதிய குழுக்கள் வந்தன. 1996ஆம் ஆண்டு திசெம்பர் 13ஆம் திகதி, தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமானார்.

அவருடைய பாடல்களில் ஊவா எங்கே இருக்கின்றது? மலையும் குளிரும் மலரும் அவற்றில் உண்டு. கிராமம் உண்டு. லயம் இல்லை. அவரது பரவலாக அறியப்பட்ட பாடல்களில் தோட்டத் தொழிலாளி ஒரு பாத்திரமாக வரவில்லை. தோட்டத்துப் பிள்ளையொருவர் தோட்டத்தைப் பாடாது கிராமத்தைப் பாடியது ஏன்? சிங்கள மெல்லிசைக்கு அன்று ஒரேயொரு இலட்சிய நிலம் இருந்தது. குளமும் வயலும் தாதுகோபமும் கொண்ட கிராமமே அது. அமரதேவ வழியினரும் அதனையே பாடினர். கிற்றார்க் குழுவினரும் அதனையே பாடினர். கருவி மாறியது, நிலம் மாறவில்லை. சங்கப் புலவன் தன் ஊர் எதுவாயினும் ஐந்திணையுள் ஒன்றில் நின்றே பாடவேண்டியிருந்ததுபோல, சிங்களப் பாடலாசிரியனும் மரபு தந்த நிலத்தில் நின்றான். தேயிலைக்கு அம்மரபில் திணை இல்லை. புரட்சிக்காரர் எனப் புகழப்பெற்றவரின் எல்லை இங்கே தெரிகின்றது. அவரது இரசிகர் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்கத் தேவையில்லை.

‘கமென் லியுமக் எவில்லா’ என்ற பாடல் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. கிராமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது என்பதே அத்தொடரின் பொருள். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊரிலிருந்து கடிதம் வருதல் என்னும் பொருள் நகரத்துச் சிங்கள இளைஞனின் நெஞ்சைத் தொட்டமை இயல்பே. பேருந்தேறினால் மறுநாள் அவன் ஊர் சேரலாம். அதே தலைமுறையில் ஹப்புத்தளை லயமொன்றுக்கு வந்த கடிதத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். லயத்து முதியோர் வாயில் ‘ஊர்’ என்ற சொல் திருச்சியையோ புதுக்கோட்டையையோ சேலத்தையோ குறித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்க்கலாமென ஒதுக்கிவைத்தது. அதன்பின் கடிதங்களின் திசையே மாறிற்று. கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும், அங்கே தமிழக அரசு திறந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், போனவர்கள் இருப்பவர்களுக்கு எழுதினர். பதுளை நிலையத்திற் புறப்பட்டுத் தலைமன்னாரை நோக்கிச் சென்றோரை ஏற்றிய வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. சுப்பர் கோல்டன் சைம்ஸ் புகழின் உச்சியிலிருந்த 1970களின் முதற்பாதியே, ஊவாத் தோட்டங்களிற் பஞ்சமும் பட்டினிச் சாவும் நேர்ந்த காலம். குடும்பங்கள் பிரிந்து கப்பலேறிய காலமும் அதுவே.

இதனைக் கிளாரன்சின் மீது குற்றமாகச் சுமத்துதல் விமர்சனமாகாது. ஒரு பாடகன் பாடாத பாடலுக்கு அவனைத் தண்டிக்கும் விமர்சனம் எளிது; பயனற்றது. அப்பாடலைப் பாடவேண்டியவர் யார், அவரைத் தடுத்தது எது என்று கேட்பதே பயனுள்ளது.

ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிடத் தெரிந்த மக்களுக்குப் பாட்டுக்கட்டத் தெரியாதிருக்க முடியாது. மலையகத்தில் மேடைப் பாடல் மரபு ஒன்று கிளாரன்ஸ் பிறக்குமுன்னரே இருந்தது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மை தாமே பாடல் இயற்றி, மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைத்து, தோட்டத்துக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் நூலாயின. பாடலாசிரியர், பாடகர், மேடைக் கலைஞர் மூவரும் ஒருவரே. சமகாலப் பிரச்சினையே பொருள். கேட்போர் கூட்டம் ஆயிரக்கணக்கில். பிற்காலத்தில் மேலைநாட்டில் எதிர்ப்புப் பாடகர் என்று கொண்டாடப்பட்டோர் செய்ததை அவர் ஹற்றன் மலைகளிற் செய்தார். ஆயினும் அவர் குரல் தட்டிற் பதிந்து நாடு முழுவதும் பரவவில்லை. நூலில் எழுத்து மட்டும் எஞ்சியது. சி. வி. வேலுப்பிள்ளை பல்லாண்டு முயன்று தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கும் அதே கதிதான். சொல் காப்பாற்றப்பட்டது, இசை சொன்னவர் வாயோடு போயிற்று.

இங்கே பொப் இசையின் பொருளாதாரத்தைக் கருதுதல் இன்றியமையாதது. கவிதைக்குத் தாளும் பென்சிலும் போதும். சிறுகதைக்கும் அவ்வளவே. ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்த ஜோசப், தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, லயத்து வாழ்க்கையை ஈழத்துச் சிறுகதையின் முன்வரிசைக்குக் கொணர்ந்தார். கிளாரன்சுக்கு ஒன்பது வயது மூத்தவர் அவர்; பிறந்த இடமும் புகைவண்டியிற் சில நிலையங்களுக்கு அப்பால் மட்டுமே. வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ திரைப்படத்துக்கு 1975இல் அவர் கதைவசனம் எழுதினார். மலையகத்தின் கதை திரைக்கும் வந்துவிட்டது. பாடலுக்கு மட்டும் வழி திறக்கவில்லை. கிற்றார்க் குழுவுக்கு மின்சாரம் வேண்டும். லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. ஒலிபெருக்கி, நரம்பு, ட்ரம்ஸ் ஆகியன இறக்குமதிப் பொருள்கள். நாட்கூலிக்கு வேலைசெய்பவன் அவற்றை நினைக்கவும் முடியாது. பயில்வதற்கு ஓய்வுநேரம் வேண்டும்; பெரட்டு விடியுமுன் அழைக்கின்றது. ஒலிப்பதிவுக்குக் கொழும்பு செல்லவேண்டும். கொழும்பில் தெரிந்த முகம் ஒன்றாவது இருத்தல் வேண்டும். இவை யாவும் கைகூடினும், இசைத்தட்டை வாங்கத்தக்க வசதியுள்ள தமிழ் நுகர்வோர், அருகே தமிழகத் திரைப்பாடல் என்னும் பெருங்கடல் இருக்க, மலையகக் குரலொன்றைத் தேடி வாங்குவாரோ என்பது இசைத்தட்டு முதலாளியின் ஐயம். அவ்வையம் நியாயமற்றதென்று கூறுவதற்கில்லை.

தமிழ்ப் பொப் இசை தோன்றாமற் போகவில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதனைத் தோற்றுவித்தனர். இருவரும் யாழ்ப்பாணத்துச் சூழலிலிருந்து வந்தோர். கல்வியும் கொழும்புத் தொடர்பும் உடையோர். பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை வைத்து அவர்கள் பாடியது ஒரு துணிச்சல். கருநாடக இசையன்றி வேறொன்றை இசையென ஏற்காத அவைகளில் அது நகைப்புக்கும் உள்ளாயிற்று. ‘சுராங்கனி’ சிங்களத்திலிருந்து மனோகரன் வாயிலாகத் தமிழுக்கு வந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியே தமிழகத் திரைக்கும் சென்றது. 2018இல் சென்னையில் அவர் மறைந்தபோது இருகரையிலும் அப்பாட்டையே நினைவுகூர்ந்தனர். இனக்கலவரங்களும் சட்டங்களும் பிரித்துவைத்த இரு மொழிகளுக்கிடையே தடையின்றிச் சென்றுவந்தது, அறிஞர் இகழ்ந்த இந்த இசையே. ஆயினும் கள்ளுக்கடை, கடற்கரை, மாமி வீடு என்ற அப்பாடல்களின் உலகிலும் தேயிலைக்கு இடமில்லை. சிங்களப் பொப்புக்குத் திணையாகாத மலை, தமிழ்ப் பொப்புக்கும் திணையாகவில்லை. குற்றம் ஒருபக்கத்தது மட்டுமன்று என்பதனை யாழ்ப்பாணத்து வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

கதிர்காமத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அதுவும் ஊவா மாகாணத்திலேயே உள்ளது. கிளாரன்ஸ் குழுவினர் பாடிய புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று ‘கந்த சுரிந்துனி’ என அக்கடவுளை விளிப்பது. கிற்றார் ஒலிக்க, பக்திப்பாடலின் உடையணியாது, தோழனொருவனிடம் குறை சொல்வதுபோல அப்பாடல் கந்தனை அழைக்கின்றது. பண்டிதருக்கு இது அபசாரமாகப் பட்டிருக்கலாம். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. முருகனை உரிமையோடு ஏசியும் கேலிசெய்தும் பாடும் வழக்கம் தமிழிற் பழையது. ஊவாத் தோட்டத்து மக்கள் ஆடி மாதத்திற் காவடியோடு இறங்கிச் சென்ற அதே தெய்வத்தையே ஹப்புத்தளையிற் பிறந்த சிங்களப் பாடகரும் பாடினார். தோட்டத்தைப் பாடாத அவரது இசை, தோட்டத்து மக்களின் தெய்வத்தை அவர்களுக்கு மிக அணுக்கமான தொனியிற் பாடியது. கிளாரன்சின் இசையில் ஊவாவின் தமிழ் மலைக்கு மிக அண்மையில் வந்த இடம் எதுவெனக் கேட்பின் இப்பாடலையே சுட்டவேண்டும்.

1983 யூலையிற் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு முன்னும் 1977இலும் 1981இலும் மலைநாட்டுத் தமிழர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டுகளிலும் கிளாரன்சின் பாடல்கள் பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தவண்ணமே இருந்தன. தமிழரும் அவற்றைப் பாடினர், இன்றும் பாடுகின்றனர். பாடல் இனங்களை இணைத்தது என்று மேடையில் முழங்குவோர் இதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே பாட்டைப் பாடிய அயலார் ஒருவர் வீட்டை மற்றவர் எரிப்பதனை அப்பாட்டு தடுக்கவில்லை. அதனாற் பாட்டின் பெறுமதி குறைந்துவிடாது. அதன்மேல் ஏற்றப்பட்ட பொய்ச்சுமை மட்டுமே இறங்கும்.

மலையகத் தமிழ் இளைஞர் இன்று கைத்தொலைபேசியிலேயே பாடலைப் பதிவுசெய்து வெளியிடுகின்றனர். தப்பும் மின்கிற்றாரும் ஒரே மேடையிலேறுகின்றன. கொழும்புக் கலையகமும் இசைத்தட்டு முதலாளியும் இல்லாமலே இது நிகழ்கின்றது. அவர்களது பாடல்களுட் சிலவற்றில் லயமும் கொழுந்துக் கூடையும் நாட்கூலிக் கோரிக்கையும் நேராக வருகின்றன. அவற்றைக் கேட்கும் தமிழ்த்துறை மாணவர், பழைய தப்புக் கலைஞர் உயிரோடிருக்கும்போதே பசறை, நமுனுகுலை, வெலிமடை, ஹப்புத்தளைத் தோட்டங்களுக்குச் சென்று, சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பாமல், அடியையும் மெட்டையும் பதிவுசெய்துவருதல் வேண்டும். பெரட்டுத் தப்பின் அடி வேறு, காமன் கூத்தின் அடி வேறு, சாவீட்டு அடி வேறு. இவ்வேறுபாட்டைக் கைவிரலால் அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.